ஆயிரத்து ஐந்நூறாவது பிள்ளை

2007ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதக் கடைசி. வேலை முடிந்து வந்து தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துவிட்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. நவுறுத் தீவில் இருந்து ஒரு தம்பி. அந்த வருடம் பெப்ரவரியில் கிறிஸ்மஸ் தீவுக்குக் கிட்ட அவுஸ்திரேலியக் கடற்படை மறித்த படகில் எண்பத்துச் சொச்சம் தமிழ்ப் பெடியன்கள் வந்திருந்தார்கள். மார்ச் மாதம் அவர்களைக் கூட்டாக நவுறுவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதில் இவனும் ஒருத்தன். ஊரில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. முகாமில் கிடைக்கிற தொலைபேசி அட்டையில் பாதியை அம்மாவுக்கும் மீதியை என்னோடு கதைக்கவும் செலவழிப்பான்.

"அண்ணை, இஞ்ச இண்டைக்குப் பெருநாள். சனமெல்லாம் பாட்டும் கூத்துமாக் கிடக்கு. அங்கமாம்."

"என்ன அங்கம்? கை காலோ?"

"எனக்கும் விளங்கேல்லை. கேற்றில நிக்கிற மனிசி சொன்னவ, ஒரு பிள்ளை பிறந்ததாம், அதுக்காம் லீவு."

யேசுபாலன் பிறந்ததற்கு லீவு விடுகிற நாடுகள் தெரியும். மன்னரின் பிறந்தநாளுக்கு லீவு விடுகிற நாட்டிலேயே இருக்கிறேன். சும்மா ஒரு சனத்தின் பிள்ளை பிறந்ததற்கு ஒரு நாடே லீவு எடுக்கிறது என்றால் அதில் ஏதோ கதை இருக்க வேண்டும் என்று மனதில் போட்டு வைத்தேன். அவன் இன்னொன்றும் சொன்னான். அந்தக் கேற்றடி மனிசிக்கு வயது முப்பத்தாறுதானாம், ஆனால் பேரப்பிள்ளை இருக்கிறதாம். "முப்பத்தாறு வயசில அம்மம்மா, அண்ணை!" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் யோசித்தேன், என்னுடைய அம்மம்மா முதல் பேரனைத் தூக்கினபோது அவவுக்கு முப்பத்தெட்டு வயது. சிரிக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு இந்தத் தீவைப் பற்றி எது அகப்பட்டாலும் வாசிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு நவுறு என்றால் முகாம். வேறொன்றும் தெரியாது. ஆனால் அந்த முகாமுக்கு வெளியே, இருபத்தொரு சதுர கிலோமீற்றருக்குள், ஒரு சனம் தன்னைத்தானே எண்ணி எண்ணி உயிர் பிழைத்த கதை ஒன்று இருக்கிறது. எண்ணியவர்கள் ஆண்கள், வெள்ளைக்காரரும் தீவின் தலைவர்களும். சுமந்தவர்கள் பெண்கள். அதில் அரைவாசிப் பேர் சின்னப் பெட்டைகள் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நவுறுவில் குலம் தாய்வழி. பிள்ளை தாயின் குலத்தில் சேரும். மொத்தம் பன்னிரண்டு குலங்கள். அந்த நாட்டுக் கொடியில் உள்ள வெள்ளை நட்சத்திரத்துக்குப் பன்னிரண்டு முனைகள் இருப்பது அதனால்தான். அதில் இரண்டு குலங்கள் இன்றைக்கு இல்லை, அற்றுப்போய்விட்டன. தாய்வழிக் குலம் எப்படி அறும் என்று யோசித்துப் பாருங்கள். ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் பிரயோசனமில்லை, கடைசிப் பெண்பிள்ளையோடு குலம் முடிந்துவிடும். பெண்பிள்ளை பிறந்தால் பெருமூச்சு விடுகிற ஊர்களில் இருந்து வந்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் அது வீட்டுக் காரியமல்ல, ஊர்க் காரியம். தலைவர் குடும்பத்து மூத்த பெண் என்றால் இன்னும் விசேஷம். அவளை வேலைவெட்டி செய்யவிடாமல் இருத்தி, நல்ல சாப்பாடு கொடுத்து, உடம்பு தேறப் பண்ணுவார்கள். மழை பொய்த்தால் பஞ்சம் வருகிற தீவு அது. உடம்பில் சதை இருக்கிற பெண்தான் பஞ்சத்தைத் தாண்டிப் பிள்ளை பெறுவாள் என்பது அவர்களுடைய கணக்கு. நான்சி பொலொக் என்கிற மானிடவியலாளர் இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது என் அக்காவின் சாமத்தியச் சடங்கு. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுத்து, மூலையில் இருத்தி, மாமிமார் சுற்றி நின்ற அந்தப் பத்து நாட்கள். "இடுப்பு பலக்கவேணும்" என்று அம்மம்மா சொல்லுவா. எதற்குப் பலக்க வேண்டும் என்று அக்காவுக்கு அப்போது தெரியாது. அவவுக்குப் பதின்மூன்று வயது.

ஆக, இளவயதில் தாயாவது அந்தத் தீவில் புதிதாக வந்த வியாதியல்ல. பழைய வழக்கம். ஆனால் பழைய வழக்கத்தில் அந்தப் பெட்டையைச் சுற்றித் தாயும் தாயின் சகோதரிகளும் குலமும் நின்றார்கள். காணியும் இருந்தது. எண்ணிக்கை என்ற ஒன்று மட்டும் இருக்கவில்லை.

எண்ணிக்கை பிறகு வந்தது, அழிவோடு சேர்ந்து வந்தது.

1798இல் ஜோன் ஃபேர்ண் என்ற கப்பல் கப்டன் கடலில் நின்று பார்த்துவிட்டு 'இனிய தீவு' என்று பெயர் வைத்துப் போனார். 1830களில் இருந்து திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வரத் தொடங்கின. தண்ணீருக்கும் பன்றிக்கும் பதிலாகத் துவக்கும் சாராயமும் கொடுத்தார்கள். 1878இல் ஒரு கலியாணக் கொண்டாட்டத்தில் வாய்த்தர்க்கம் முற்றி ஒரு வெடி விழுந்தது. அதிலிருந்து பத்து வருடச் சண்டை. குலத்துக்குக் குலம், ஒழுங்கைக்கு ஒழுங்கை. (இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.) 1888இல் ஜேர்மன்காரர் வந்து தலைவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆயுதங்களைக் களைந்தபோது 765 துவக்குகள் அகப்பட்டனவாம். மிஞ்சி இருந்த சனம் தொள்ளாயிரத்துச் சொச்சம். கிட்டத்தட்ட ஆளுக்கொரு துவக்கு.

பிறகு பொஸ்பேற். சிட்னியில் ஒரு கந்தோரில் கதவு அடிக்காமல் இருக்க வைத்திருந்த கல்லு ஒன்றை அல்பேட் எலிஸ் என்பவர் 1899இல் சோதித்துப் பார்க்க, அது முதல்தரப் பொஸ்பேற் கல்லு. வந்த இடம் நவுறு. 1907 அளவில் அகழ்ந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கோதுமையும் புல்லும் செழித்தது அந்தத் தீவின் வயிற்றைக் கிண்டித்தான். கப்பலில் கூலியாட்கள் வந்தார்கள், பெரும்பாலும் சீனர். பெண்சாதி பிள்ளைகளைக் கொண்டுவர விடாமல் தனியாட்களாகவே கொண்டுவந்தார்கள். அதுவும் ஒரு சனத்தொகைக் கொள்கைதான், யாரும் அப்படிப் பெயர் சொல்வதில்லை. அவர்களோடு வயிற்றுளைவும் சயரோகமும் இளம்பிள்ளைவாதமும் வந்தன. 1914இல் அவுஸ்திரேலியர் தீவைப் பிடித்தார்கள். 1920இல் விஷக்காய்ச்சல் வந்து நவுறுச் சனத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரைக் கொண்டுபோனது. ஐந்தில் ஒரு பங்கு. அதன் பின்னாலேயே தொழுநோய் பரவியது. தீவுச் சனம் ஆயிரத்தைச் சுற்றி நின்றது.

இந்த நேரத்தில்தான் அந்தக் கணக்கு வருகிறது. பிரிகேடியர் ஜெனரல் தோமஸ் கிறிபித்ஸ் என்பவர் 1920களின் தொடக்கத்தில் தீவின் அவுஸ்திரேலிய நிர்வாகி. அவர் தீவின் தலைவர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: நவுறுச் சனம் ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறைவாக இருந்தால் இந்த இனம் அழிந்துபோகும், ஆயிரத்து ஐந்நூறை எட்டப் பாருங்கள், எட்டுகிற நாளை என்றென்றைக்கும் விடுமுறையாகக் கொண்டாடுங்கள்.

1500 என்ற இலக்கத்துக்குப் பின்னால் பெரிய விஞ்ஞானம் இருந்ததாக நான் நம்பவில்லை. 1499இல் அழிகிற இனம் 1500இல் எப்படித் தப்பும்? ஆனால் ஒரு இராணுவக்காரரின் வாயில் இருந்து வந்த அந்த முழு இலக்கம் சனத்தின் நெஞ்சில் போய் இருந்துவிட்டது. செத்தவீடு செத்தவீடாகப் பார்த்துக் களைத்த சனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு இலக்கம். அவர்கள் அதை வெள்ளைக்காரனுடைய கணக்கு என்று விட்டுவிடவில்லை, தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். வைத்த பெயர்தான் 'அங்கம்'. அவர்கள் மொழியில் கொண்டாட்டம், கஷ்டங்களைத் தாண்டி வந்து சேர்தல், வீடு திரும்புதல் என்றெல்லாம் பொருள். எங்கள் அங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் ஒரு உடம்பில் அங்கம் அங்கமாகச் சேர்ந்து சனமாகிற மாதிரி எனக்கு அது காதில் விழுகிறது.

இப்போது கள்ளுக் கதைக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

"பிள்ளை பெறுங்கள்" என்று சொல்வது சுகம். ஆனால் நவுறுவில் பெண்கள் பிள்ளை பெறாமல் இருக்கவில்லை. பெற்ற பிள்ளைகள் மடியில் கிடந்து செத்தன. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகள், பார்த்தால் கொழுகொழு என்று இருக்கும், திடீரென்று மூச்சுத் திணறி, குரல் கம்மி, இதயம் நின்றுவிடும். 1920களில் அங்கே அரச வைத்தியராக இருந்த ஜோர்ஜ் பிறே என்பவர் இது என்ன என்று தேடிப் போனார். கண்டுபிடித்தது இதுதான்: தாய்மாரின் பாலில் பி வைட்டமின் இல்லை. பெரிபெரி என்று சொல்கிற நோய் பாலுக்குள்ளால் பிள்ளைக்குப் போகிறது.

ஏன் இல்லை? சனம் மீனும் தேங்காயும் தாழம்பழமும் தின்ற காலம் போய்விட்டது. காணியைக் கம்பனி கிண்டியது, கிண்டியதற்குக் கொடுத்த சில்லறைக்குக் கம்பனிக் கடையில் தீட்டிய வெள்ளை அரிசியும் தகரத்தில் அடைத்த இறைச்சியும் வாங்கித் தின்றார்கள். அது பாதிக் காரணம். மற்றப் பாதி கள்ளு. தென்னங்கள்ளு அவர்களுக்கு நாளாந்தச் சாப்பாடு மாதிரி. பாலூட்டுகிற தாய்மாரும் குடிப்பார்கள். நிர்வாகம் வந்து, குடித்துக் கெட்டுப் போகிறார்கள் என்று, புளித்த கள்ளைத் தடைசெய்துவிட்டது. கள்ளின் அடிமண்டியில்தான் அந்த வைட்டமின் இருக்கிறது. தவறணையை மூடிய கையோடு பிள்ளைகளின் மருந்தையும் மூடிவிட்டார்கள்.

பிறே செய்தது எளிமையான வேலை. கள்ளு மண்டியை மருந்தாகத் தாய்மாருக்குக் கொடுத்தார். குழந்தைச் சாவு சடாரென்று இறங்கியது. 1928இல் இதை இலண்டன் வைத்திய சஞ்சிகை ஒன்றில் எழுதினார்.

எங்கள் ஊரில் பனங்கள்ளைப் பிளாவில் குடித்துவிட்டு வருகிற ஆச்சிமாரை நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். பிள்ளைப்பெற்ற வீட்டில் "பால் சுரக்கும்" என்று சொல்லிக் கொஞ்சம் கள்ளுக் கொடுக்கிற வழக்கம் சில குடும்பங்களில் இருந்தது. பெரிய வீட்டுக்காரர் அதை இளக்காரமாகத்தான் பேசினார்கள். இன்றைய வைத்தியர் எவரும் பாலூட்டும் தாய்க்குக் கள்ளைக் கொடு என்று சொல்லமாட்டார், நானும் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. ஆயிரத்து ஐந்நூறு என்ற இலக்கத்தை எட்டப் பண்ணியதில் ஜெனரலின் பேச்சுக்கு எவ்வளவு பங்கோ, அந்த மண்டிக்கும் அவ்வளவு பங்கு உண்டு. கூடவாகவும் இருக்கலாம். ஆனால் மண்டிக்கு யாரும் லீவு விடவில்லை.

1932இல் எண்ணிக்கை 1490களுக்கு வந்தபோது தீவே விரல் மடித்துக்கொண்டு இருந்திருக்கும். தங்கள் வயிற்றில் இருப்பதுதான் அந்தப் பிள்ளை என்று பல தாய்மார் ஆசைப்பட்டார்களாம். ஒரு சாவு விழுந்தால் கணக்கு ஒன்று பின்னுக்குப் போகும். ஒக்ரோபர் 26ஆம் திகதி ஒரு பெண்குழந்தை பிறந்தது. எய்டகாறுவோ என்று பெயர். ஆயிரத்து ஐந்நூறாவது ஆள். தாய்வழிக் குலத்தில் பெண்பிள்ளை! அன்று தொடங்கியதுதான் அந்தத் தம்பி தொலைபேசியில் சொன்ன பெருநாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

1942 ஓகஸ்டில் யப்பான்காரர் தீவைப் பிடித்தார்கள். விமான ஓடுபாதை போட்டார்கள். சாப்பாடு காணாது, வாய்கள் கூட. 1943இல் நவுறுச் சனத்தில் 1200 பேரைக் கப்பலில் ஏற்றி ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ட்ரூக் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு அதைச் சூக் என்கிறார்கள். தொழுநோயாளர் 39 பேரைத் தனியாக ஒரு வள்ளத்தில் ஏற்றி, வைத்தியத்துக்கு என்று சொல்லிக் கடலில் கொண்டுபோய் வள்ளத்தையே தாட்டுவிட்டார்கள். ட்ரூக்கில் அடிமை வேலை, பட்டினி. அமெரிக்கர் குண்டு போட்டுக் கப்பல் வராமல் பண்ணிய பிறகு யப்பான்காரருக்கே சாப்பாடு இல்லை, நவுறுக்காரருக்கு எங்கே?

எய்டகாறுவோவும் அந்தக் கப்பலில் போனாள். வயது பத்து, பதினொன்று இருக்கும். திரும்பி வரவில்லை.

ஒரு இனத்தின் ஆயிரத்து ஐந்நூறாவது ஆளாகப் பிறந்த பிள்ளை, சாமத்தியப்படும் வயதுக்குக் கிட்ட, அந்நியத் தீவில் செத்துப்போனாள். 463 பேரில் ஒருத்தி. இலக்கமாகப் பிறந்து இலக்கமாகவே போனாள் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் அவளுக்குத் தாய் ஒருத்தி இருந்திருப்பாள், அவளுக்கு அது இலக்கமாக இருந்திராது.

1946 ஜனவரி 31ஆம் திகதி, மிஞ்சிய 737 பேர் பொஸ்பேற் கம்பனிக் கப்பலில் ஊர் திரும்பினார்கள். (நவுறு 1968இல் சுதந்திரம் பெற்றபோது அதே ஜனவரி 31ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஜனாதிபதி ஹமர் டி றொபேட்டும் ட்ரூக்கில் இருந்து திரும்பியவர்தான்.) தீவிலேயே விடப்பட்டிருந்தவர்களையும் சேர்த்தாலும் எண்ணிக்கை மீண்டும் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே. அழிவுக் கோட்டுக்குக் கீழே, ஜெனரலின் கணக்குப்படி.

1949 மார்ச் 31ஆம் திகதி இரண்டாவது தடவையாக ஆயிரத்து ஐந்நூறாவது பிள்ளை பிறந்தது.

மூன்று வருடம், இரண்டு மாதம். முதல் தடவை பத்து வருடத்துக்கு மேல் எடுத்த காரியம். அந்த மூன்று வருடத்தில் பெற்றவர்கள் யார் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 1943இல் பதின்மூன்று வயதில் கப்பலேறி, எலும்பும் தோலுமாகப் பதினாறு வயதில் திரும்பி, பத்தொன்பதில் தாயானவர்கள் அவர்களில் எத்தனை பேர்? நிர்வாக அறிக்கைகளில் பிறப்பு வீதம் இருக்கிறது, இறப்பு வீதம் இருக்கிறது. அந்தப் பெட்டைகளுக்குப் பிள்ளை வேண்டியிருந்ததா, அது துக்கத்துக்கு மருந்தாக இருந்ததா, பாரமாக இருந்ததா என்று யாரும் கேட்டு எழுதி நான் காணவில்லை. இரண்டுமாக இருந்திருக்கலாம். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செத்த தம்பியின் பெயர், செத்த தகப்பனின் பெயர்.

பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரிந்த கதை, விரைவாகச் சொல்கிறேன். 1964இல் அவுஸ்திரேலியா, கிண்டி முடித்த தீவை விட்டு குவீன்ஸ்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள கேர்ட்டிஸ் தீவில் வந்து குடியேறுங்கள் என்றது. நவுறுச் சனம் மாட்டோம் என்றது. அவுஸ்திரேலியருக்குள் கரைந்துபோவோம் என்பதுதான் பயம். இரண்டு தடவை எண்ணி மீண்ட சனம், மூன்றாம் தடவை கரைந்து அழியச் சம்மதிக்குமா? சுதந்திரம் வந்தது, பொஸ்பேற் காசு கொட்டியது, வரி இல்லை, வைத்தியம் இலவசம். பிள்ளை பெறுவது ஆசீர்வாதம், நாட்டுக்கு வலு என்ற எண்ணம் அப்படியே இருந்தது. 1970களில் நடந்த ஆய்வில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. 1990களில் காசு முடிந்தது. இன்று தீவில் பதினோராயிரத்துச் சொச்சம் பேர்.

இப்போது அறிக்கை எழுதுகிறவர்கள் வேறு பாட்டுப் பாடுகிறார்கள். பசுபிக் தீவுகளில் பதின்ம வயதுத் தாய்மார் கூட, நவுறுவிலும் கூட, பிறப்பைக் குறைக்க வேண்டும், பெட்டைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுகிறார்கள் என்று. சொல்வதில் பிழையில்லை. பதினாறு வயது உடம்புக்குப் பிள்ளைப்பேறு ஆபத்து. படிப்பு நின்றால் வாழ்க்கை முழுக்க ஒருவனுடைய கையை எதிர்பார்க்க வேண்டும். நீரிழிவு மலிந்த தீவில் கர்ப்பம் இன்னும் ஆபத்து. ஆனால் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முதல் அவளுடைய பாட்டியிடம் போய் "பெறு, பெறாவிட்டால் இனம் அழியும்" என்று சொன்னதும் ஒரு அறிக்கைதான். இன்று அவளிடம் போய் "பெறாதே" என்று சொல்வதும் ஒரு அறிக்கைதான். இரண்டு தடவையும் அவளுடைய வயிற்றைப் பார்த்துக் கதைக்கிறார்கள். வருடாவருடம் ஒக்ரோபர் 26க்குப் பள்ளிக்கூடத்தில் அங்கப் பிள்ளையின் கதையைப் படிப்பித்துவிட்டு, அந்தப் பெட்டை பதினேழில் வயிறு தள்ளிக்கொண்டு வந்தால் மட்டும் திடுக்கிடுகிறார்கள்.

இதே தீவில் இன்னொரு கணக்கும் நடந்தது. அதில் எங்கள் சனமும் இருக்கிறது. 2012இல் அவுஸ்திரேலியா மூடியிருந்த முகாமைத் திரும்பத் திறந்தபோது முதலாவதாகக் கொண்டுபோனது ஈழத்துப் பெடியன்களைத்தான். 2014 யூனில் புதுச்சேரியில் இருந்து ஒரு படகு வெளிக்கிட்டது, 157 தமிழர், அதில் ஐம்பது பேர் பிள்ளைகள். பலர் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து வந்தவர்கள். கிட்டத்தட்ட ஒரு மாதம் கடலிலேயே சுங்கக் கப்பலில் அடைத்து வைத்துவிட்டு, ஓகஸ்ட் தொடக்கத்தில் இரவோடிரவாக நவுறுவுக்கு ஏற்றினார்கள். கர்ப்பிணிகளைப் பிள்ளைப்பேற்றுக்காக அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து, பெற்ற பிறகு கைக்குழந்தையோடு திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். 2014 டிசம்பரில் சட்டத்தையே திருத்தி, அவுஸ்திரேலிய ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையையும் 'சட்டவிரோதமாகக் கடலால் வந்தவர்' என்ற பட்டியலில் சேர்த்தார்கள். தொப்புள்கொடி அறுக்குமுன்னமே படகுக்காரர்! 2016 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னபோது திருப்பி அனுப்பக் காத்திருந்தவர்கள் 267 பேர், அதில் 37 பேர் இங்கே பிறந்த குழந்தைகள்.

அதே வருடம் மே மாதம் இன்னொரு வழக்கு. நவுறுவில் வைத்துப் பலாத்காரம் செய்யப்பட்டுக் கர்ப்பமான ஓர் ஆபிரிக்க இளம் பெண். வலிப்பு நோயுள்ளவள். அந்தக் கர்ப்பத்தை அவளால் தாங்க முடியாது. நவுறுவில் கருக்கலைப்பு அப்போது சட்டப்படி குற்றம். அவளைக் கொண்டுபோனது பப்புவா நியூகினிக்கு, அங்கேயும் குற்றம். பாதுகாப்பான வைத்தியத்துக்கு ஒழுங்கு செய்வது அவுஸ்திரேலிய அமைச்சரின் கடமை என்று நீதிபதி தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஒரு பிள்ளைக்காக ஏங்கி விரல்மடித்த தீவு அது. அதே மண்ணில் ஒருத்தியின் பிள்ளையை வராதே என்கிறார்கள், இன்னொருத்தியைப் பெற்றே தீர் என்கிறார்கள்.

நவுறுக்காரரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிண்டி முடித்த தீவில் காசுக்கு வேறு வழி இல்லாத சனம்.

இவ்வளவையும் ஏன் இழுத்து எழுதினேன் என்றால், சில வருடங்களுக்கு முதல் இங்கே ஒரு கலியாண மண்டபத்தில் ஒரு பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசினார். போரில் இவ்வளவு சனத்தை இழந்துவிட்டோம், புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்தக்கூடாது, நாலு ஐந்து பெற வேண்டும், அதுதான் இனத்துக்குச் செய்கிற தொண்டு என்று. கைதட்டல் நல்லாக விழுந்தது. தட்டியவர்களில் அநேகர் ஆண்கள். என் பக்கத்தில் இருந்த என்னுடைய மனிசி "ஐயாவை ஒண்டு பெறச் சொல்லுங்கோ" என்றா, கொஞ்சம் சத்தமாகவே.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது வன்னியில் இருந்த என் மருமகள். பெரியம்மாவின் மகளுடைய பிள்ளை. 2008இல் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். கலியாணம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று சனம் நம்பியது. பதினாறு வயதுப் பெட்டைக்கு ஒரு பெடியனைப் பிடித்து, பதுங்குகுழிக்குப் பக்கத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள். அவளுக்கு இங்கிலிஷ் படிக்க ஆசை. 2009இல் செட்டிகுளம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே, பதினேழு வயதில் தாயானாள். பெண்குழந்தை. பால் இல்லை என்று தொலைபேசியில் அழுதாள். அக்கா சொன்னது, "அவளே குழந்தை, அவளின்ர மடியில ஒரு குழந்தை."

அவளைப் பெறச் சொல்லி எந்தக் கவர்னரும் ஆணை போடவில்லை. ஒரு கூட்டம் தன் ஆட்களை எண்ணியது, பயந்த தாய் தகப்பன் வேறொரு கணக்குப் போட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் அவளுடைய வயிறு அகப்பட்டது. அவளுக்கு அந்தப் பிள்ளை என்றால் உயிர் என்பது வேறு கதை.

அந்த நவுறுத் தம்பி 2008இல் அகதியாக ஏற்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்தான். இப்போது மூன்று பிள்ளைகள். கேற்றடி மனிசியைப் பற்றி ஒருநாள் கேட்டேன். பெயர் மறந்துபோச்சாம். அவ தன்னுடைய பேரக்குழந்தையின் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தது மட்டும் நினைவிருக்கிறதாம்.

மருமகளோடு போன கிழமை கதைத்தேன். முகாமில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு 2025இல் பதினாறு முடிந்துவிட்டது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரியாம். போன மாதம் ஒரு சொந்தக்கார மாமி வெளிநாட்டு மாப்பிள்ளை ஒன்று இருக்கிறது, இப்பவே பேசி வைத்தால் நல்லது என்று கதையெடுத்திருக்கிறா. தேத்தண்ணி ஊற்றப் போனவள் கேத்தலைத் திரும்ப அடுப்பில் வைத்துவிட்டு, மாமியைப் படலை மட்டும் கொண்டுபோய் விட்டிட்டு வந்தாளாம்.

"தேத்தண்ணி குடுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா" என்றாள்.